புள்ளிக்குக் கொடுத்த விலை: டால்மேஷன் நாய்களின் 38 ஆண்டுப் பஞ்சாயத்து

டால்மேஷன் நாய் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது சினிமாதான். டோடி ஸ்மித் என்ற ஆங்கில எழுத்தாளர் 1956-ல் எழுதிய சிறுவர் கதை, 1961-ல் டிஸ்னியின் கார்ட்டூன் படமாகி, 1996-ல் நிஜ நாய்களை வைத்து மறுபடியும் எடுக்கப்பட்டது. 101 நாய்கள், உடம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். படம் பார்த்த குழந்தைகள் அடம்பிடித்து வாங்க வைத்த குட்டிகளில் நிறைய, வளர்ந்ததும் அமெரிக்காவின் நாய்க் காப்பகங்களில் வந்து சேர்ந்தன என்பது தனிக்கதை.

படத்தில் வராத விஷயம் ஒன்று உண்டு. அந்த அழகான புள்ளி நாயின் சிறுநீரில் ஒரு கோளாறு இருக்கிறது. ஒன்றிரண்டு நாய்களுக்கு அல்ல, அந்த இனத்தில் பிறந்த அத்தனை நாய்களுக்கும். அதைச் சரிசெய்யும் வழியை ஒருவர் 1973-லேயே கண்டுபிடித்துச் செய்தும் காட்டினார். அதை அமெரிக்காவின் நாய்ப் பதிவேடு முழுமையாக ஏற்றுக்கொண்டது 2011-ல். நடுவில் போன 38 வருடங்களில் நடந்ததுதான் இந்தக் கட்டுரை.

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க நீல நிறத்தில் ஒரு திரவத்தை ஊற்றிச் சூடாக்கியது நினைவிருக்கும். பெனடிக்ட் கரைசல். அந்த ஸ்டான்லி பெனடிக்டேதான் டால்மேஷன் நாய்களின் சிறுநீரில் யூரிக் அமிலம் ஏகத்துக்கும் இருப்பதை 1916-ல் எடுத்துச் சொன்னவர். பெரும்பாலான பாலூட்டிகளின் உடம்பில் யூரிக் அமிலம் கல்லீரலுக்குப் போய், அங்கே ஓர் என்சைமால் அலன்டாயின் என்ற பொருளாக மாறிவிடும். அது தண்ணீரில் சுலபமாகக் கரையும், வம்பில்லை. மனிதனுக்கும் மனிதக் குரங்குகளுக்கும் அந்த என்சைம் கிடையாது; அதனால்தான் நமக்குக் கவுட் எனும் மூட்டு வலி வருகிறது. டால்மேஷனுக்கு என்சைம் உண்டு. ஆனால் யூரிக் அமிலத்தைக் கல்லீரல் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் வாசல் சரியாகத் திறப்பதில்லை. சமையல்காரர் இருக்கிறார், அடுப்பு எரிகிறது, அரிசி மட்டும் வாசலிலேயே நிற்கிறது. சிறுநீரகமும் அதைத் திரும்ப உள்ளே இழுக்காமல் வெளியே தள்ளிவிடுகிறது. மற்ற நாய்கள் ஒரு நாளைக்கு 10 முதல் 60 மில்லிகிராம் வரை யூரிக் அமிலத்தை வெளியேற்றினால், டால்மேஷன் வெளியேற்றுவது 400 முதல் 600 மில்லிகிராம்.

இது சில நாய்களில் கல்லாக உறைகிறது. பெண் நாய்க்குச் சிறுநீர்ப் பாதை அகலம் என்பதால் சின்னக் கற்கள் பெரும்பாலும் தானாக வெளியே போய்விடும். ஆண் நாய்க்கு அப்படியல்ல. நாயின் ஆண்குறிக்குள் ஓர் எலும்பு உண்டு. சிறுநீர்க் குழாய் அந்த எலும்பின் பள்ளத்தை ஒட்டிப் போகிறது. கல் அந்த இடத்தில் வந்து மாட்டிக்கொண்டால் குழாய் விரிந்து கொடுக்க வழியில்லை. சிறுநீர் அடைத்துக்கொள்ளும். உடனே மருத்துவரிடம் கொண்டுபோகாவிட்டால் ஒன்றிரண்டு நாளில் நாய் செத்துப்போகலாம்.

எல்லா டால்மேஷனுக்கும் யூரிக் அமிலம் அதிகம். ஆனால் எல்லா டால்மேஷனுக்கும் கல் வருவதில்லை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் இருக்கும் சந்தில்தான் பிறகு எல்லாச் சண்டையும் நடந்தது. என் வீட்டு நாய்களுக்குக் கல்லே வந்ததில்லை என்று ஒருவர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

இது பரம்பரைக் கோளாறு என்பதும் பழைய செய்திதான். டிரிம்பிள், கீலர் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் டால்மேஷனை வேறு இன நாய்களோடு சேர்த்துப் பார்த்து, இது ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படுகிறது என்று 1938-ல் எழுதினார்கள். அதாவது அப்பா அம்மா இருவரிடமிருந்தும் கெட்ட பிரதி வந்தால்தான் கோளாறு தெரியும். ஒரே ஒரு நல்ல பிரதி கிடைத்தாலும் போதும், குட்டி தப்பித்துவிடும். கோளாறும் தெரிந்துவிட்டது, பரம்பரைக் கணக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் அடுத்த 35 வருடங்களுக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை.

ஏன் என்று புரிய, அந்தக் காலத்தில் இனப்பெருக்க நாய்களுக்கு உடல்நலப் பரிசோதனை என்ற பழக்கம் எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கென்னல் கிளப் சான்றிதழ் என்பது அடிப்படையில் ஒரு வம்சாவளிப் பட்டியல். அப்பா பெயர், அம்மா பெயர், தாத்தா பெயர், நடுவில் யாராவது சாம்பியன் பட்டம் வாங்கியிருந்தால் அது. நாயின் எலும்பு எப்படி, கண் எப்படி, இதயம் எப்படி என்பதற்கு அதில் இடமில்லை. ஜாதகத்தில் நட்சத்திரம், ராசி எல்லாம் இருக்கும், ரத்தக் கொதிப்பு மட்டும் இருக்காதே, அந்த மாதிரி.

இதில் முதல் பெரிய உடைப்பு இடுப்பு மூட்டில் வந்தது. தொடை எலும்பின் பந்து, இடுப்பெலும்பின் கிண்ணத்தில் சரியாக உட்காராத நோயைப் பற்றி ஷ்னெல் என்ற கால்நடை மருத்துவர் அமெரிக்காவில் 1935-ல் எழுதினார். இது நடக்கும் நாயைப் பார்த்தால் தெரியாது, எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். தெரியாத நாயே குட்டி போட்டுக்கொண்டிருக்கும், அதன் குட்டிகள் சில வருடத்தில் நொண்டும். பிரிட்டனில் 1965-ல் கால்நடை மருத்துவர் சங்கமும் கென்னல் கிளப்பும் சேர்ந்து ஒரு எக்ஸ்ரேத் திட்டம் ஆரம்பித்தன. அடுத்த வருடம், 1966-ல், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஓ.எஃப்.ஏ. என்ற அமைப்பு தொடங்கியது. தொடங்கியவர் ஜான் ஓலின், வின்செஸ்டர் துப்பாக்கி, தோட்டாத் தொழிலின் முதலாளி, வேட்டைப் பிரியர். அவருடைய கிங் பக் என்ற லாப்ரடார் நாய் 1959-ம் வருட அமெரிக்க வாத்து வேட்டை வில்லையில் படமாக வந்த அளவுக்குப் பிரபலம்.

ஓ.எஃப்.ஏ. முறை எளிமையானது. நாய்க்கு 2 வயது முடிந்ததும் எக்ஸ்ரே எடுத்து அனுப்ப வேண்டும். மூன்று நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்து, மிக நன்று என்பதில் ஆரம்பித்து மிக மோசம் என்பது வரை ஏழு தரங்களில் ஒன்றைக் கொடுப்பார்கள். நல்ல தரம் வாங்கிய நாய்களை வைத்தே குட்டி எடுப்பது நோக்கம். இதிலே ஓட்டையும் உண்டு. நல்ல முடிவுகள் தாமாக வெளியே வரும். மோசமான முடிவு, சொந்தக்காரர் சம்மதித்தால்தான் வெளியே வரும். சம்மதிக்க அவருக்கென்ன அவசியம்?

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது பழகிய கணக்குதான். ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை, பிறகு நோபல் பரிசு வரை போனது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்றால், வாங்குபவர் எல்லாக் காருக்கும் சராசரி விலைதான் கொடுப்பார். நல்ல கார் வைத்திருப்பவர் கட்டுப்படியாகாமல் சந்தையை விட்டே போய்விடுவார். கடைசியில் மிஞ்சுவது ஓட்டை வண்டிகள். நாய்க்குட்டிச் சந்தையும் அதேதான். செலவு செய்து எக்ஸ்ரே எடுத்தவரும் எடுக்காதவரும் ஒரே விலையில் விற்க வேண்டும் என்றால் எடுப்பவர் எத்தனை நாள் எடுப்பார்? பெனின்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பிறகு உருவான பென்ஹிப் என்ற முறை, எடுத்த எல்லாப் படங்களையும் அனுப்பியே ஆக வேண்டும் என்று விதி வைத்ததற்கு இதுதான் காரணம். நல்ல படத்தை மட்டும் பொறுக்கி அனுப்பினால் இனத்தின் சராசரியே பொய்யாகிவிடும்.

சரி, டால்மேஷனுக்கு வருவோம். ஓட்டை இருந்தாலும் இந்தப் பரிசோதனைகள் எல்லாம் வேலை செய்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இனத்துக்குள் கொஞ்சம் நல்ல நாய்களாவது இருக்க வேண்டும். சோதித்து, நல்லதைப் பிரித்து, அதை வைத்துப் பெருக்க வேண்டும். டால்மேஷன் விஷயத்தில் அந்த நிபந்தனையே இல்லை. உலகத்தில் எந்தத் தூய டால்மேஷனைச் சோதித்தாலும் ஒரே ரிசல்ட், ஃபெயில். வகுப்பில் எல்லோரும் ஃபெயில் என்றால் யாரை வைத்து ராங்க் போடுவது?

ஏன் எல்லா நாய்க்கும் வந்தது என்பதற்கு ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. பெரிய, தெளிவான, விளிம்பு கலையாத புள்ளிகளைத் தேடித் தேடித் தேர்ந்தெடுத்தபோது, அந்தப் புள்ளியோடு ஒட்டிக்கொண்டு இந்தக் கெட்ட மரபணுவும் வந்திருக்கலாம் என்பது. கண்காட்சியில் பரிசு வாங்கிக்கொடுத்த புள்ளியும் சிறுநீர்க் குழாயில் அடைத்த கல்லும் ஒரே மூட்டையில் வந்தவை என்றால், நூறு வருடமாக நடுவர்கள் தெரியாமலே கல்லுக்கும் சேர்த்துத்தான் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தியானா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் மரபியல் ஆராய்ச்சியாளராக இருந்தவர் ராபர்ட் ஷைபிள். டால்மேஷன் வளர்ப்பவரும்கூட. அவர் 1973-ல் ஒரு டால்மேஷன் பெண் நாயை ஒரு பாயின்ட்டர் ஆண் நாயோடு சேர்த்தார். பாயின்ட்டரும் உடல்வாகில் டால்மேஷனுக்கு நெருக்கமான வேட்டை நாய் என்பதால் அந்தத் தேர்வு. வெளி ரத்தம் சேர்த்தது அந்த ஒரே முறைதான். அதற்குப் பிறகு பிறந்த குட்டிகளை மறுபடி மறுபடி தூய டால்மேஷன்களோடு மட்டுமே சேர்த்தார்.

கணக்கு சுலபம். முதல் தலைமுறைக் குட்டியில் பாயின்ட்டர் பங்கு அரை. அடுத்தது கால். பிறகு அரைக்கால், வீசம், அரைவீசம். ஐந்தாம் தலைமுறையில் முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் பாயின்ட்டர். ஒவ்வொரு ஈற்றிலும் சராசரியாகப் பாதிக் குட்டிகளுக்கு நல்ல பிரதி போகும், பாதிக்குப் போகாது. எந்தக் குட்டிக்குப் போயிருக்கிறது என்று எப்படித் தெரியும்? அப்போது டி.என்.ஏ. சோதனை எல்லாம் கிடையாது. சிறுநீரைப் பிடித்து யூரிக் அமிலத்தை அளக்க வேண்டும். அளந்து, குறைவாக இருக்கும் குட்டியை வைத்துக்கொண்டு, வளர்த்து, மறுபடி டால்மேஷனோடு சேர்த்து, மறுபடி அளந்து. பார்த்தால் ரொம்பச் சாதாரண வேலை. பொறுமைதான் சாதாரணமில்லை.

அமெரிக்கன் கென்னல் கிளப் 1981-ல் ஷைபிளின் ஐந்தாம் தலைமுறை நாய்கள் இரண்டை டால்மேஷன் என்றே பதிவு செய்தது. உடல்நலக் கோளாறைச் சரிசெய்ய அறிவியல்பூர்வமான வழி இருந்தால் கிளப் அதற்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது அப்போதைய தலைவரின் நிலைப்பாடு. இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. டால்மேஷன் வளர்ப்பாளர்களின் தேசிய சங்கத்தில் எதிர்ப்பு கிளம்பியது. 1984-ல் உறுப்பினர்கள் இதற்கு எதிராக வாக்களித்தார்கள். அந்த நாய்களின் வாரிசுகளுக்குப் பதிவு நிறுத்தப்பட்டது. இரண்டு நாய் உள்ளே வந்தது, கதவு சாத்தப்பட்டது.

எதிர்த்தவர்களை வெறும் வீம்புக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. அவர்கள் தரப்பிலும் வாதம் இருந்தது. கல் வரும் நாய்கள் கொஞ்சம்தானே, தண்ணீரும் உணவும் கவனித்தால் சமாளிக்கலாமே என்றார்கள். பாயின்ட்டரிடமிருந்து வேறு என்னென்ன நோய் உள்ளே வரும், யாருக்குத் தெரியும் என்றார்கள். கலப்பு நாய்களின் புள்ளிகள் சிறியதாக, அவ்வளவு தெளிவில்லாமல் இருந்ததும் உண்மைதான். ஆனால் இந்த வாதங்களுக்கு அடியில் இருந்தது இன்னொன்று. மூடிய பதிவேடு என்பது ஒரு சொத்து. அதில் இருக்கும் பெயர்களுக்கு மதிப்பு வருவதே வெளியாள் நுழைய முடியாது என்பதால்தான். ஒரே ஒரு பாயின்ட்டரை அனுமதித்தால், தூய ரத்தம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? ஐந்து தலைமுறை தள்ளிப் போன ஒரு தாத்தாவுக்காக ஊரே ஒதுக்கி வைப்பதை நம் பக்கத்தில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஷைபிள் நிறுத்தவில்லை. அவரும் கூட நின்ற சிலரும் பதிவில்லாத நாய்களை வைத்தே அந்த வரிசையைத் தொடர்ந்து கொண்டுபோனார்கள். பதிவில்லை என்றால் கண்காட்சி இல்லை, நல்ல விலை இல்லை, மற்ற வளர்ப்பாளர்கள் தங்கள் நல்ல நாயைச் சேர்க்கத் தருவதும் கஷ்டம். வரிசை ஒரு தலைமுறை அறுந்தாலும் எல்லாம் போச்சு, ஏனென்றால் அந்த நல்ல பிரதி உலக டால்மேஷன் கூட்டத்திலேயே அவர்களிடம் மட்டும்தான் இருந்தது.

இனித்தான் இந்த வரலாற்றின் நல்ல திருப்பம். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் டனிகா பனாஷ் தலைமையிலான குழு, கோளாறுக்குக் காரணமான மரபணுவைத் தேடிக்கொண்டிருந்தது. தூய டால்மேஷன்களை மட்டும் வைத்து அதைத் தேட முடியாது. எல்லா நாயும் ஒன்றுபோலவே இருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது? கோளாறு உள்ள டால்மேஷனும் கோளாறு இல்லாத டால்மேஷனும் ஒரே குடும்பத்தில் வேண்டும். அப்படிப்பட்ட குடும்பம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பதிவேடு தள்ளி வைத்த குடும்பம். அந்த நாய்களை வைத்து முதலில் குரோமோசோமில் இடத்தைக் குறுக்கினார்கள். 2008-ல் மரபணுவே கிடைத்தது. பெயர் எஸ்.எல்.சி.2ஏ9. அதில் ஓர் எழுத்து மாறியிருந்தது, அவ்வளவுதான். புல்டாக், பிளாக் ரஷ்யன் டெரியர் இனங்களிலும் சில நாய்களுக்கு இதே மாற்றம் இருப்பது அப்போது தெரிந்தது. அந்த இனங்களில் எல்லா நாய்க்கும் இல்லை என்பதால், அங்கே சோதித்துப் பிரித்தாலே போதும்.

மரபணு கிடைத்ததும் விவாதத்தின் தரையே மாறியது. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்த மாதிரி போதும், குட்டிக்கு எத்தனை நல்ல பிரதி என்று சொல்லிவிடலாம். பிரிட்டனின் கென்னல் கிளப் 2010-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபியோனா என்ற பெண் நாயைப் பதிவு செய்தது. ரத்தம் முழுத் தூய்மையில்லை என்பதைக் காட்ட அதன் பெயரோடு நட்சத்திரக் குறி சேர்த்தார்கள். அங்கேயும் டால்மேஷன் சங்கங்களிலிருந்து ஆட்சேபம் வந்தது. 2011-ல் ஃபியோனா கிராஃப்ட்ஸ் கண்காட்சியின் வளையத்தில் நடந்தாள். பார்வைக்கு மற்ற டால்மேஷன்களிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத ஒரு நாய். அதே வருடம் அமெரிக்கன் கென்னல் கிளப்பும் கதவைத் திறந்தது. முதல் கலப்பிலிருந்து எண்ணினால் 38 வருடம்.

இன்று இவற்றைக் குறை யூரிக் அமில டால்மேஷன் என்று சொல்கிறார்கள். ஒரு நல்ல பிரதி உள்ள நாயைச் சாதாரண டால்மேஷனோடு சேர்த்தால் சராசரியாகப் பாதிக் குட்டிகள் தப்பிக்கும். இரண்டு நல்ல பிரதியும் உள்ள நாய் கிடைத்தால் அதன் குட்டிகள் அத்தனையும் தப்பிக்கும். அவசரப்பட்டு எல்லோரும் அந்த ஒரு சில நாய்களையே பயன்படுத்தினால் நெருங்கிய சொந்தத்துக்குள் இனப்பெருக்கமாகி வேறு கோளாறு முளைக்கும் ஆபத்தும் இருக்கிறது. எல்லா நல்ல பிரதியும் வந்தது அந்த ஒரே பாயின்ட்டரிடமிருந்துதானே.

பழைய வகை டால்மேஷன் வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. தண்ணீர் எப்போதும் கிண்ணத்தில் இருக்க வேண்டும், அடிக்கடி வெளியே கொண்டுபோக வேண்டும், பியூரின் அதிகமுள்ள தீனி கூடாது. நாய்க்குச் சத்து என்று கறிக்கடையில் ஈரல் வாங்கிப் போடுவது நம் ஊர் வழக்கம். இந்த நாய்க்கு அது கூடாத பொருள். கல் வந்த நாய்க்கு, மனிதர்களுக்குக் கவுட்டுக்குக் கொடுக்கும் அல்லோபியூரினால் மருந்தையே கொடுப்பதுண்டு. அதிலும் சிக்கல், தீனியைக் குறைக்காமல் மாத்திரையை மட்டும் கொடுத்தால் சாந்தின் என்ற வேறு வகைக் கல் உண்டாகும். ஆகவே அது மருத்துவர் சொல்லிச் செய்ய வேண்டிய காரியம்.

டால்மேஷனுக்கு இன்னொரு பரிசோதனையும் உண்டு, காது. வெள்ளைத் தோலோடு சேர்ந்து வரும் செவிட்டுத்தன்மை. உட்காதில் நிறமி செல்கள் இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் அழிந்துவிடுகின்றன. ஒரு காது கேட்காத குட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது, கூப்பிட்டால் ஓடி வரும். குட்டிக்கு ஐந்தாறு வாரம் ஆனதும் தலைத் தோலில் மெல்லிய ஊசி முனைகளை வைத்து, காதில் டிக் டிக் என்று ஒலி கொடுத்து, மூளைத் தண்டின் மின் அலையைப் பதிவு செய்யும் பேயர் சோதனை வந்த பிறகுதான் கணக்கே வெளியே வந்தது. லூசியானாவின் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன் திரட்டிய அமெரிக்கப் புள்ளிவிவரப்படி டால்மேஷன்களில் சுமார் 22 சதவீதம் ஒரு காது கேளாதவை, 8 சதவீதம் இரண்டு காதும் கேளாதவை. இரண்டு காதும் கேளாத குட்டிகளை வளர்ப்பாளர்கள் கருணைக்கொலை செய்வது வெகுகாலம் வழக்கமாகவே இருந்தது.

இங்கே டால்மேஷன் உலகம் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. ஓ.எஃப்.ஏ.வும் அமெரிக்கன் கென்னல் கிளப்பின் நாய் நல அறக்கட்டளையும் சேர்ந்து 2001-ல் தொடங்கிய சிக் என்ற திட்டத்தில், இனத்துக்குரிய சோதனைகள் எல்லாவற்றையும் செய்து முடிவுகளைப் பகிரங்கமாக வெளியிட்டால் நாய்க்கு ஓர் எண் கொடுப்பார்கள். பாஸாக வேண்டும் என்பது நிபந்தனையில்லை. மறைக்காமல் சொன்னால் போதும், மோசமான முடிவுக்கும் எண் உண்டு. டால்மேஷனுக்கான பட்டியலில் காதுச் சோதனையும் இருக்கிறது.

ஆனால் சில டால்மேஷன் குட்டிகள் பிறக்கும்போதே காதிலோ முகத்திலோ பெரிய கறுப்புத் திட்டோடு பிறக்கும். மற்றவை பால் வெள்ளையாகப் பிறந்து, பிறகுதான் புள்ளி வரும். திட்டோடு பிறப்பவை நிறமி அதிகம் உள்ள குட்டிகள், செவிடாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைந்தவை. நீலக் கண் குட்டிகளுக்கோ அந்த வாய்ப்பு அதிகம். அமெரிக்கத் தரவிதி நீலக் கண்ணை அனுமதிக்கிறது. திட்டு இருந்தால், கண்காட்சியிலிருந்து தகுதி நீக்கம்.